தாளுக்கு வெளியே ஒரு பூ

மடிப்பண்ணனுக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது ஒற்றைக் காலுறைதான். ஜோடி கிடைக்காத காலுறை ஒன்று மேசையில் கிடந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இஸ்திரிக்கு வந்த மூட்டைகளையெல்லாம் திரும்ப அவிழ்த்து, தலையணை உறைகளுக்குள் கைவிட்டுத் துழாவி, கடைசியில் யாருடைய கால்சட்டைக் குழாயிலிருந்தோ அதன் ஜோடியை உருவிப் போட்டால்தான் மனிதர் மூச்சு விடுவார். அவர் மடித்துக் கொடுக்கும் சட்டையை அப்படியே துணிக்கடைக் கண்ணாடிக்குள் வைத்து விற்கலாம் என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். மடிப்பண்ணன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது தேய்ந்துபோயிற்று.

வீட்டின் முன்னறைதான் இஸ்திரிக் கடை. தெருவைப் பார்த்து ஒரு நீள மேசை, அதன் மேல் கருகிய கம்பளி, மூலையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. உள்ளறையில் அவர் மனைவியின் கம்ப்யூட்டர். துணி அச்சடிக்கும் பட்டறைக்குப் பூவும் கொடியும் வரைந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. தெருவில் எல்லோருக்கும் அவள் டிசைனக்கா. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு உண்டு, ஆனால் அதைச் சாத்தியதாக யாருக்கும் ஞாபகமில்லை. இவர் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே பேசுவார், அவள் கம்ப்யூட்டர் எலியைத் தட்டிக்கொண்டே பதில் சொல்வாள். காலையில் ஆரம்பித்த பேச்சு விளக்கு வைக்கிற வரை ஓடும்.

டிசைனக்கா வரைந்தது பெரும்பாலும் அடுத்தவர் பூ. வியாபாரி எங்கிருந்தோ ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து போடுவான். 'இதே மாதிரி வேணும்' என்பான். அவள் அதை ஒளிப்படமாக்கித் திரையில் வைத்து, அதன் மேல் கோடு கோடாக இழுத்து, அச்சு அசலாக எடுத்துக் கொடுப்பாள். "நான் என்ன, காப்பிக்காரி" என்று சிரிப்பாள். சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருக்கும்.

பட்டறைக்காரர் ஒருநாள் வந்து மேசையோரம் நின்றார். நல்ல மனிதர், ஆனால் எதையும் திட்டுகிற மாதிரியே சொல்கிறவர்.

"எத்தனை வருஷத்துக்கும்மா அடுத்தவன் பூவையே வரைவ? கையில என்ன வலிப்பா? உன்னோட பூ ஒண்ணு போடு. படுக்கை விரிப்பு. நிதானமா போடு, நான் அவசரப்படுத்த மாட்டேன். விரிப்போட ஓரத்துல உன் பேரு வரும்."

அவர் போன பிறகு டிசைனக்கா திரையில் ஒரு புதுத் தாளைத் திறந்தாள். மடிப்பண்ணன் எட்டிப் பார்த்தபோது அவள் வெற்றுத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் வரைந்தாள். எந்தச் செடியிலும் பூக்காத ஒரு பூ. இதழ்களில் ஒன்று மட்டும் வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். 'இது என்ன பூ?' என்று கேட்டார். 'என் பூ' என்றாள்.

விரிப்பு முக்கால்வாசி முடிந்த சமயத்தில்தான் கண் போயிற்று. மழை விடாமல் பெய்த ஒரு காலையில், "ஏங்க, ஜன்னல் ஓரத்துல கறுப்புத் துணி எதுவும் தொங்குதா?" என்று கேட்டாள். ஜன்னலில் ஒன்றும் தொங்கவில்லை. மதியத்துக்குள் அந்தத் துணி அவள் இடது கண்ணில் பாதியை மூடிவிட்டது. விழித்திரை பிய்ந்துகொண்டதாம். அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னபோது மடிப்பண்ணன், ஆட்டோக்காரரையும் சிவப்பு விளக்கில் நிறுத்தாமல் கையைக் காட்டி விட்ட போலீஸ்காரரையும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

"கண்ணுக்குள்ள ஒரு காத்துக்குமிழி வச்சிருக்கோம்," என்றார் டாக்டர். "அது மேல எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிச்சுக்கணும். அதுக்கு இவங்க முகம் எப்பவும் தரையைப் பார்த்தே இருக்கணும். படுத்தாலும் குப்புற, நடந்தாலும் குனிஞ்ச தலை. தும்மல், இருமல், பெரிய சிரிப்பு எதுவும் வேணாம். நல்ல கண்ணு இருக்கேன்னு கம்ப்யூட்டரைப் பார்க்கக்கூடாது. அந்தக் கண்ணு ஓடினா இதுவும் கூடவே ஓடும்."

"பார்வை பழையபடி வந்துடுங்களா?"

"ஒட்டட்டும். அப்புறம் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்ததும் மடிப்பண்ணன் உள்ளறைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பலகையைக் கழற்றினார். துண்டுகளைச் சுருட்டி வளையமாகத் தைத்து, நெற்றியும் கன்னமும் பதிகிற மாதிரி ஒரு திண்டு செய்தார். அதில் முகத்தைப் பதித்துப் படுத்தால் நடு ஓட்டை வழியாகத் தரையில் ஒரு முழம் தெரியும். டிசைனக்காவின் உலகம் அந்த ஒரு முழம்தான். அதற்குள் கணவனின் கால் வரும், போகும். டீயை டம்ளரில் உறிஞ்சுகுழல் போட்டுக் கீழேயிருந்து நீட்டுவார். குழைந்த சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, தரையில் உட்கார்ந்து அண்ணாந்து ஊட்டுவார்.

"காலைக் கழுவுங்க. சுண்டு விரல்ல சாம்பல் ஒட்டியிருக்கு," என்பாள் அவள்.

"வாய்க்குச் சோறு போடுறவன் கால் நகத்துல குத்தம் கண்டுபிடிக்கிற."

"வேற என்னத்தைப் பார்க்க? நீங்க முகத்தைக் காட்டினா முகத்துல கண்டுபிடிப்பேன்."

பட்டறைக்காரர் ஆப்பிள் பையோடு வந்து பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று திட்டினார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். புதுச் சரக்குக்கான துணி வந்து இறங்கிவிட்டது. துணியில் மை இறக்குகிற ஸ்கிரீன் வலையைப் போட, திங்கட்கிழமை ஃபைல் வேண்டும். வராவிட்டால் இந்தத் தடவை பழைய டிசைனையே ஓட்டிவிட வேண்டியதுதான். அடுத்த தடவை பார்க்கலாம்.

அடுத்த தடவைக்குக் கண் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. அவர் போனதும் திண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க. மூணு மூலைதான் பாக்கி. ஒரு மூலைக் கொத்து நான் முடிச்சிட்டேன். அதைக் காப்பி எடுத்துத் திருப்பித் திருப்பி வைக்கணும். நீங்க செஞ்சிடலாம்."

"நானா? எனக்கு அதைத் திறக்கவே தெரியாதே."

"சட்டை மடிக்கிற கைதானே. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க."

மடிப்பண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரும்புப் பெட்டியைப் பிடித்தே காய்த்த கைக்குள் எலி காணாமல்போயிற்று.

"கொத்தைச் சுத்தி ஒரு கட்டம் இழுங்க. எல்லாம் உள்ள வந்துச்சா?"

"ஒரு இலை வெளிய நிக்குது."

"அதையும் சேர்த்து இழுங்க. இப்போ டூப்ளிகேட். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே... ஐயோ, நகர்த்தினா ரெண்டா இருக்கு!"

"ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கும். மேல இருக்கிறதைப் பிடிச்சு வலது மூலைக்குக் கொண்டுபோங்க. இப்போ கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பணும். சட்டையோட இடது கையை மடிச்சிட்டு வலது கையை மடிப்பீங்களே, அதே மாதிரி."

"அப்படிச் சொல்லு. இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்படித்தான் நடந்தது வேலை. முன்னறையில் ஆள் வந்து கூப்பிட்டால் ஓடிப்போய்த் துணியை வாங்கிப் போட்டுவிட்டு வருவார். மழைக்குக் காயாத துணி வாடை வீடு முழுக்க. அவள் திரையைப் பார்க்கவில்லை, ஆனால் எலியின் சத்தத்தை வைத்தே அவர் என்ன செய்கிறார் என்று பிடித்துவிடுவாள். "ஏன் ரெண்டு தடவை தட்டினீங்க?" என்பாள். "அவசரப்படாதீங்க, கை நடுங்குது" என்பாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சேமிக்கச் சொல்வாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. நல்ல பழக்கம்தான். அதுதான் பிறகு தலையில் விழுந்தது.

சனிக்கிழமை மூன்று மூலையும் உட்கார்ந்துவிட்டன. மடிப்பண்ணனுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, படத்தைப் பெரிதாக்கி, நான்கு ஓரத்தையும் மேற்பார்வை பார்த்தார். மடித்த துணியைக் கொடுப்பதற்கு முன் நூல் பிசிறு தேடுவாரே, அந்த மாதிரி. அப்போதுதான் கண்ணில் பட்டது. தாளுக்கு வெளியே, சாம்பல் நிற வெற்றிடத்தில், தன்னந்தனியாக ஒரு பூ கிடந்தது. ஜோடியில்லை, கொடியில்லை, எதனோடும் ஒட்டவில்லை.

டிசைனக்கா மருந்தின் அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இதற்குப்போய் அவளை எழுப்புவானேன்? உதிர்ந்த பூ, பெருக்கித் தள்ளவேண்டியதுதானே. அதை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கி, சரியாகப் பிடித்து, அழித்தார். சேமித்தார். இன்னொரு தடவையும் சேமித்தார். மூடிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் பெட்டியைச் சூடு பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை அழகு பார்க்கலாமென்று திறந்தார். கொடி இருந்தது. இலை இருந்தது. பூ ஒன்றுகூட இல்லை. மூலைக் கொத்துகளில் காம்பு மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். நேற்று மூடிவிட்டதால் பின்னால் போகவும் வழியில்லை. இரண்டு தடவை சேமித்ததில் பழைய பிரதியின் மேலும் புதியது ஏறிவிட்டிருந்தது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. அழகு பார்க்குறேன்."

"எப்படி இருக்கு?"

"கண்ணை எடுக்க முடியலை," என்றார். அது பொய்யில்லை. பென் டிரைவில் ஃபைலைப் போட்டுக்கொண்டு, சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். அடுத்த வீட்டம்மாளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் ஏன், எதற்கு என்று கேட்காமல் கையிலிருந்த கீரையோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த மாதிரி ஆட்களால்தான் தெரு என்று ஒன்று இருக்கிறது.

அவர் போனது தங்கச்சி கடைக்கு. கூடப்பிறந்தவள், நாலு தெரு தள்ளி ஸ்டிக்கர் வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். வண்டி நம்பர், கடைப் பலகை, தண்ணீர்ப் புட்டியில் ஒட்டுகிற பொம்மை என்று எல்லாம் வெட்டுவாள். அண்ணன் வீட்டுக்குள் அவள் கால் வைத்து மாதக்கணக்காகிறது. காரணமும் இதே பூதான்.

டிசைனக்கா பூவை வரைந்து முடித்த புதிதில் தங்கச்சி வந்திருந்தாள். அண்ணி குளிக்கப் போன நேரத்தில் பூவை மட்டும் தன் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனாள். மகளின் தண்ணீர்ப் புட்டியில் ஒட்ட ஒன்று வெட்டினாள். அதைப் பார்த்தவர்கள் எனக்கு, உனக்கு என்று கேட்டார்கள். அவளும் வெட்டி வெட்டிக் கொடுத்தாள். ஒருநாள் டிசைனக்கா காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது குப்பை வண்டியொன்று அவளைக் கடந்து போனது. அதன் பின்கதவில் அவளுடைய பூ. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பூ. அன்றைக்கு அவள் பேசிய பேச்சும், 'ஒரு பூவுக்கு இவ்வளவு ஆட்டமா அண்ணி' என்று தங்கச்சி சொன்ன பதிலும் தெருமுனை வரை கேட்டன. அதோடு போக்குவரத்து நின்றது. கண் அறுவை சிகிச்சைக்குக்கூடத் தங்கச்சி ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, அண்ணனிடம் விசாரித்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனவள்.

அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "என்னண்ணே? அண்ணிக்கு ஏதாவது..."

"அவ நல்லாத்தான் இருக்கா. நான்தான் கொன்னுட்டேன், பூவை."

தங்கச்சி ஃபைலைத் திறந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தாளுக்கு வெளிய எதையாவது அழிச்சியா?"

"ஒத்தையா ஒண்ணு கிடந்துச்சு. குப்பைன்னு நினைச்சு..."

"அதுதாண்ணே தாய்ப்பூ. அண்ணி மத்ததை எல்லாம் காப்பி எடுத்து வைக்கலை, க்ளோன் போட்டிருக்காங்க. காப்பின்னா தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி. தாய் என்ன ஆனாலும் அது பாட்டுக்கு இருக்கும். க்ளோன் அப்படியில்ல. தாய்ப்பூவைச் சிவப்பாக்கினா எல்லாம் சிவப்பாகும். தாய்க்கு ஒரு இதழ் நீண்டா எல்லாத்துக்கும் நீளும். கடைசி நிமிஷம் வரைக்கும் பூவை மாத்திக்கலாமேன்னு அண்ணி அப்படி வச்சிருக்காங்க."

"அப்போ தாயை எடுத்தா?"

"இந்த சாஃப்ட்வேர்ல எல்லாரும் கூடவே போயிடுவாங்க. க்ளோனைக் காப்பி எடுத்து வச்சிருந்தாலும் அதுவும் க்ளோன்தான்."

மடிப்பண்ணன் ஸ்டிக்கர் சுருள்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குக் கண்ணு திரும்புமான்னே தெரியலை. அவ வாழ்நாள்ல போட்ட ஒரே பூ. அதை நான் பெருக்கித் தள்ளிட்டேனே."

தங்கச்சி அந்த ஃபைலை மூடினாள். பிறகு தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தாள். திரையில் பூ வந்தது. ஒரு இதழ் வெளிப்பக்கம் மடிந்த அதே பூ.

"நான் எடுத்தது காப்பிண்ணே. திருடின பூ. அதனால தப்பிச்சுது," என்றாள்.

அண்ணன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சீ, என்னண்ணே இது" என்று அவள் உருவிக்கொண்டாள்.

"நீ வந்து வச்சுக் குடுத்துடு. எனக்குத் தாய்ப்பூ, பிள்ளைப்பூவெல்லாம் வராது."

"அண்ணி என்னைப் பார்த்தா?"

"எங்க பார்க்க? ஒரு முழம் தரைதான் தெரியும் அவளுக்கு. காலைக் காட்டாம நாற்காலி மேல தூக்கி வச்சுக்கிட்டு உக்காரு. நான் பக்கத்துல நின்னு பேசிக்கிறேன். அவ அறியாம முடிச்சுக் குடுத்துட்டா போதும், இந்த நேரத்துல அவ மனசு கலங்கக்கூடாது."

அப்படியே ஒரு திருட்டுத்தனம் நடந்தது. அடுத்த வீட்டம்மாள் கீரையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கச்சி வாசலில் செருப்பை விட்டு, பூனை மாதிரி உள்ளே வந்து, நாற்காலியில் சம்மணம் போட்டாள். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு பெரிதாகக் கனைத்தார். பூவைக் கொண்டுவந்து தாளுக்கு வெளியே வைத்தாயிற்று. க்ளோனும் போட்டாயிற்று. ஆனால் எந்தக் காம்பில் எந்தப் பூ, எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரைந்தவளுக்கு மட்டுமே தெரியும்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தார் மடிப்பண்ணன், "மேல வலது பக்கம் கொடி ரெண்டா பிரியுதே, அந்த இடத்துல பூ எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

"இடது பக்கம், கொஞ்சம் கவுந்து. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். அதுக்குக் கீழ இருக்கிறது பெருசா, சிறுசா?"

திண்டுக்குள் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். எலி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று, ஒரு இழுப்பு, ஒரு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு.

"கண்ணு முன்னாடி இருக்கிறதை என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் டிசைனக்கா மெதுவாக. "அந்தக் கை உங்களது இல்லை. நீங்க ஒரு தட்டு தட்டிட்டு மூச்சு விடுவீங்க. யாரு உக்காந்திருக்கா?"

எலி நின்றது.

மடிப்பண்ணன் வந்து திண்டுக்குக் கீழே தரையில் குந்தினார். சொல்லிவிட்டார். ஒற்றைப் பூ கிடந்தது, குப்பை என்று நினைத்தேன், அழித்தேன், இரண்டு தடவை சேமித்தேன் என்று ஒன்று விடாமல். சொல்லி முடித்துத் தரையில் கையை ஊன்றியிருந்தபோது, புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. குப்புறப் படுத்திருப்பவளின் கண்ணீர் கன்னத்தில் ஓடுவதில்லை, நேரே விழுகிறது.

"அழாதம்மா. கண்ணு, கண்ணு. என்னை நாலு அடி அடிச்சுக்கோ. கண்ணை மட்டும் விட்டுடு."

"உங்களை எதுக்கு அடிக்க?" என்றாள் அவள். "உங்க கண்ணுக்கு ஒத்தையா கிடந்தா உறுத்தும்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் கூட இருந்தவ. அது கிடக்குதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும். அதை யார் தொடப்போறாங்கன்னு இருந்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அப்போ இப்போ என்னத்தை வச்சு வேலை நடக்குது? யாரு அங்க?"

"நான்தான் அண்ணி."

தங்கச்சி நாற்காலியிலிருந்து காலை இறக்கினாள். ஒளிந்துகொள்ள இனி எதுவுமில்லை.

"அன்னிக்கு நான் கேக்காம எடுத்தேன்ல, அந்தப் பூ. அதைத்தான் கொண்டாந்தேன். திட்டணும்னா திட்டிக்குங்க, ஆனா முடிச்சிட்டுத் திட்டுங்க. நாளைக்குக் குடுக்கணுமாமே."

"அச்சு அசலா அதேதானா? ஒண்ணும் மாத்தலையே?"

தங்கச்சி தயங்கினாள். பைக்குள் கையைவிட்டு, தடித்த ஸ்டிக்கரில் வெட்டிய உள்ளங்கையளவு பூவொன்றை எடுத்து அண்ணியின் விரல்களுக்குள் வைத்தாள். டிசைனக்கா அதைத் திண்டுக்குக் கீழே கொண்டுபோகவில்லை. கட்டிலோரமாகவே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் ஓரம் ஓரமாகத் தடவினாள். மடிந்த இதழில் நின்றாள். பிறகு நடுவுக்கு வந்தாள்.

"நடுவுல இந்த நாரெல்லாம் தடியா இருக்கே. நான் முடி மாதிரி விட்டிருந்தேன்."

"மெல்லிசா இருந்தா பிளேடு கிழிச்சிடுது அண்ணி. வெட்டி உரிக்கும்போது கையோட வந்துடும். அதான் கொஞ்சம் சதை வச்சு, அடியில ஒண்ணோட ஒண்ணு சேர்த்துவிட்டேன். பழையபடி மெல்லிசாக்கணும்னா சொல்லுங்க, ஆக்கிடுறேன்."

விரல் அந்த நடுப்பகுதியையே சுற்றிச் சுற்றி வந்தது.

"வேணாம்," என்றாள். "பட்டறைக்காரர் இதைத்தான் சொல்லிட்டே இருந்தாரு. மெல்லிசுக் கோடு ஸ்கிரீன்ல அடைச்சுக்கும், துணியில நிக்காதுன்னு. நான்தான் பிடிவாதமா கேக்கலை. உன் கை அதைச் சரியாப் பண்ணியிருக்கு. இதையே தாய்ப்பூவா வச்சுக்க." பிறகு, வேலை வாங்குகிறவளின் குரலில் சொன்னாள்: "மேல வலது பிரிவுலேர்ந்து ஆரம்பிப்போம். முதல் பூ இடது சாய்வு. அடுத்தது அதுல பாதி. அதுக்குக் கீழ மொட்டு மாதிரி ஒண்ணு, அதைக் கொடிக்கு அடியில தள்ளிவிடணும்."

அன்றைக்கு முழுதும் அவள் சொல்ல, தங்கச்சி வைத்தாள். மடிப்பண்ணனுக்கு டீ போடுகிற வேலை. போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை தங்கச்சி, "இந்த இடம் நெருக்கமா இருக்கே அண்ணி, ஒண்ணைத் தூக்கிடலாமா?" என்றாள். "தூக்கு, ஆனா என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் குடுக்காத" என்றாள் டிசைனக்கா. தங்கச்சி வாய்விட்டுச் சிரித்தாள். டிசைனக்கா, சிரிக்கக்கூடாது என்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைத் தட்டினாள். அந்தச் சத்தம் மடிப்பண்ணனுக்கு எப்படியிருந்தது என்று சொல்லி மாளாது. சமையல்கட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் சொன்னார்.

இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஃபைல் பட்டறைக்குப் போயிற்று. அந்த வாரத்திலேயே டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருங்க" என்றார். எவ்வளவு தெரியும் என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒட்டியிருக்கிறது என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. தங்கச்சி தினமும் கடையை மூடிவிட்டு வந்தாள். அண்ணிக்குக் குனிந்த தலையோடு முடியை அலசிவிட்டாள், சோறு உருட்டினாள்.

பட்டறைக்காரர் முதல் விரிப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மை வாடை இன்னும் போகவில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்று திட்டினார். "கோடு அடைக்கவே இல்லை. இதைத்தானே அப்போலேர்ந்து சொன்னேன்." மடிப்பண்ணன் கட்டிலை நகர்த்தி, விரிப்பைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, கட்டிலைத் திரும்ப அதன் மேல் போட்டார். டிசைனக்கா திண்டில் முகத்தைப் பதித்தாள்.

அந்த ஒரு முழத்தில் இப்போது தரையில்லை. அவளுடைய பூ இருந்தது. ஒரே ஒரு கண்ணால், அதுவும் அசைக்காமல், அவள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பட்டறைக்காரர்கூடத் திட்டுவதை விட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார்.

"அவ எங்க?" என்றாள் டிசைனக்கா.

"இங்கதான் அண்ணி இருக்கேன்."

"குரல் கேக்குது. காலும் தெரியுது. உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. இங்க வா."

தங்கச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புது விரிப்பின் மேல் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கடியில் நகர்ந்து, திண்டின் ஓட்டைக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். சுற்றிலும் பூ, நடுவில் அவள் முகம். இரண்டு பேரும் ஒரு சாண் தூரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இளைச்சுப்போயிட்டடி," என்றாள் டிசைனக்கா.

"உங்க முகம் வீங்கி இட்டிலியாட்டம் இருக்கு."

"நீ எடுத்துட்டுப் போகாம இருந்திருந்தா இன்னிக்கு எனக்கு இது இல்லை. அன்னிக்கு நான் பேசினது ரொம்ப ஜாஸ்தி. இந்த வீட்டுக் கம்ப்யூட்டர்ல என்ன இருந்தாலும் இனிமே உன்னோடதுதான். எது வேணுமோ எடுத்துக்க. என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கவேணாம்."

தங்கச்சி கீழே கிடந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் நிறைந்தது காதுப்பக்கமாக வழிந்து விரிப்பில் இறங்கியது.

"கேட்டுட்டே எடுத்துக்குறேன் அண்ணி," என்றாள். "இத்தனை மாசமா கேக்கறதுக்கு ஆளில்லாமத்தான் செத்துப்போயிட்டேன்."